நாலாவது மாடிக்கு ஒரு கடிதம்

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'செல்லப் பிராணிகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது.' மொத்தம் பதினாறு வீடுகள். செல்லப் பிராணி என்று இருந்தது என் நாய் ஒன்றுதான். இரண்டாவது மாடியில் ஒரு மீன்தொட்டி உண்டு. அந்த மீன்கள் லிஃப்டில் போய்வந்ததாக யாரும் சொல்லவில்லை. பெயர் போடாமல் எனக்கே எழுதிய அறிவிப்பு அது.

காரணமும் தெரியும். முந்தின நாள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து, நாயைப் பால்கனியில் வைத்துக் குளிப்பாட்டி, வெயிலில் காயட்டும் என்று லிஃப்டில் கீழே கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தாவது மாடியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர் மனைவியும் கல்யாணத்துக்குக் கிளம்பி அதே லிஃப்டில் வந்துகொண்டிருந்தார்கள். கதவு மூடியதும் நாய் தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு உதறு உதறியது. அந்த அம்மா உடுத்தியிருந்தது பட்டு. நாய் மட்டும் திருப்தியாக நின்றது.

தெருவில் பிறந்த செவலை நாய் அது. பெயர் வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான். அவர் முதல்முதலாக வீடியோ காலில் நாயைப் பார்த்து, எங்கள் பக்கத்தில் பையன்களைக் கூப்பிடுவதுபோல "ஏலே!" என்று கூப்பிட்டார். அது காதைத் தூக்கியது. அதுவே பெயராகிவிட்டது. என்னை அவர் கூப்பிடுவது 'ஏளா'. வாசலில் நின்று "ஏலே, வா" என்று நான் கூப்பிட்டால் நாயும் திரும்பும், காவலாளியும் திரும்புவார்.

நாயைப் படியில் ஏற்ற வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். தாராளமாக ஏற்றலாம். நாலு மாடியை அது ஒரே ஓட்டமாக ஏறிவிடும். ஏற முடியாதவள் நான். ஐம்பத்து மூன்று வயது, வலது முழங்காலில் தேய்மானம். சரி, நாயைப் படியில் விட்டுவிட்டு நான் லிஃப்டில் போகலாம் என்றால், அதுதான் சங்கதி. ஒரு பெருமழை நாளில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து என்னால் தனியாக லிஃப்டில் ஏற முடியவில்லை. நாய் கூட இருந்தால் முடிந்தது. காலையில் நாயோடு இறங்கி, அதைக் காவலாளியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் அதைக் கூட்டிக்கொண்டு ஏறுவேன். இது காவலாளிக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்கும் தெரியாது. நாய்க்குத் தெரிந்திருக்கலாம்.

அறிவிப்பைப் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்ததால் உடனே கூப்பிட்டார்.

"வெளிநாட்டுல இதுக்கு ஒரு லெட்டர் உண்டு ஏளா. மனசுக்குத் துணையா இருக்குத பிராணின்னு டாக்டர் எழுதிக் குடுப்பாவ. அதக் காட்டினா ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது. நெட்டுல பாரு."

பார்த்தேன். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆவணப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறவள். எந்தச் சரக்குக்கு எந்தக் காகிதம், எங்கே முத்திரை, எத்தனை பிரதி என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாய்க்குக் காகிதம் வாங்குவது எம்மாத்திரம் என்ற தலைக்கனம் எனக்கு இருந்தது. இணையத்தில் ஒரு தளம் பன்னிரண்டு கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று தட்டினேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. தங்க நிற முத்திரை, நாயின் போட்டோ, பதிவு எண், கடல் கடந்த ஏதோ ஊர் டாக்டரின் கையெழுத்து. அலுவலகத்தில் கலர் பிரிண்ட் எடுத்து லாமினேஷனும் செய்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்த லாமினேஷன்தான் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் செயலாளர் சுங்கத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இதை நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். சான்றிதழை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நாய்க்கு எலின்னு பேரு வச்சிருக்கியளா?"

"எலி இல்ல அண்ணாச்சி. ஏலே. இங்கிலீஷ்ல அப்படி விழுந்துட்டு."

"சரி. இந்த டாக்டர் ஒங்கள எங்கன வச்சுப் பாத்தாரு?"

"கம்ப்யூட்டர்ல."

"மூஞ்சியப் பாத்தாரா?"

"இல்ல. கேள்வி கேட்டாரு."

"அவரு கேட்டாரா, கம்ப்யூட்டர் கேட்டுச்சா?"

நான் அவர் வீட்டுச் சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தேன்.

"இதுல ஒங்க பேரே இல்லையம்மா. நாய் பேருதான் இருக்கு. அப்படின்னா நாய்க்குத்தான் மனசு சரியில்லன்னுல்லா அர்த்தம் வருது?" சிரிக்காமல்தான் சொன்னார். லாமினேஷனின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "முழுப் பொய்யா இருக்கு. நம்ம ஊர்ல ஒரு நெசமான டாக்டர் ஒங்கள நேர்ல பாத்து எழுதித் தரட்டும். அந்த நோட்டீஸ நானே கிழிக்கேன்."

கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. என் மேசைக்கு அப்படி ஒரு காகிதம் வந்திருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

மனநல டாக்டரின் கிளினிக் ஒரு வணிகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அதே மாடியில் எதிர்க்கதவு பல் டாக்டர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே வரிசை நாற்காலிகள். நான் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தபோது, எங்கள் கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிற அக்கா அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பல்லா அக்கா?" என்றேன்.

"பல்லுதான். ஒனக்கு?"

"எனக்கும் பல்லுதான்."

டோக்கன் ஆறு என்று மனநல டாக்டரின் உதவியாளர் கூப்பிட்டார். அக்கா கைக்குட்டையோடு எழுந்து இடது பக்கக் கதவுக்குள் போனாள். பிறகு டோக்கன் ஏழு என்று கூப்பிட்டபோது நானும் அதே கதவுக்குள் போனேன். வெளியே வந்துகொண்டிருந்த அவளும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்தோம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பல் எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரும் அக்கறையாக விசாரித்துக்கொள்கிறோம்.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். பக்கத்தில் ஏரல்தான் சொந்த ஊர் என்றார். நான் நேரத்தை வீணாக்காமல் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் சிரமப்படக் கூடாது என்று கடிதத்தை நானே தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். கையெழுத்து, தேதி, முத்திரை ஆகிய மூன்று இடங்களிலும் பென்சிலால் சின்னதாகக் குறியும் போட்டிருந்தேன்.

அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது நாயைப் பத்தின லெட்டர். நான் நாயைப் பத்தி எழுத முடியாது. உங்களைப் பத்தித்தான் எழுத முடியும். உங்களை எனக்கு இப்பத்தானே தெரியும்?"

"என்ன தெரியணும் டாக்டர்? கேளுங்க, சொல்லுதேன்."

இணையத்தில் அறிகுறிகளின் பட்டியலை ஏற்கெனவே படித்திருந்தேன். தூக்கம் இல்லை என்றேன். எதிலும் விருப்பம் இல்லை என்றேன். பதினைந்து நாளாகப் பசியே இல்லை, சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்கவில்லை என்றேன்.

டாக்டர் என் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். வருகிற வழியில் வாங்கிய பரோட்டாவும் சால்னாவும் அதற்குள் சூடாக இருந்தன. அந்தச் சின்ன அறை முழுக்க மணம்.

"அது பக்கத்து வீட்டுக்கு" என்றேன்.

"சரி" என்று அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, "இவ்வளவு வேர்த்திருக்கே, லிஃப்ட் ஓடலையா?" என்றார்.

"ஓடுது. நான் படியிலதான் வருவேன். சுகருக்கு நல்லதுல்லா."

"சுகர் எவ்வளவு இருக்கு?"

"இல்ல. வராம இருக்கதுக்கு."

"முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்களே."

முழங்காலிலிருந்து கையை எடுத்தேன். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அவ்வளவு நேரம் யாரும் என்னைச் சும்மா விட்டதில்லை. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

அன்று விடியற்காலை முதலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கீழே நின்ற ஸ்கூட்டரை மேடான இடத்தில் ஏற்றிவிட்டு, நனைந்த துணியோடு லிஃப்டுக்குள் நுழைந்தேன். கதவு மூடுகிற நேரத்தில் ஒரு தெருநாயும் உள்ளே பாய்ந்தது. விரட்டலாம் என்று நினைப்பதற்குள் லிஃப்ட் கிளம்பிவிட்டது. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஏற்கெனவே தண்ணீருக்குள். கும்மிருட்டு. போனில் சார்ஜ் இல்லை. மெக்கானிக்கால் அவர் தெருவை விட்டே வர முடியவில்லை. செயலாளர் தன் போனில் மெக்கானிக் சொல்லச் சொல்லக் கேட்டு, காவலாளியோடு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கதவைத் திறக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கீழே தண்ணீர் ஏறுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நாயின் முதுகில் கை வைத்திருந்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. நான் நடுங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கதவு திறந்ததும் அது என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது, அதுதான் ஏலே.

இதைச் சொல்லி முடித்தபோது டாக்டரின் ஸ்டேப்ளர் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. மேசையெல்லாம் பின்கள்.

"இப்பத்தான் உங்களைப் பாக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றார் டாக்டர். ஸ்டேப்ளரைத் திருப்பிக் கேட்கவில்லை.

கடிதம் அன்று கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விளக்கம் கிடைத்தது. நாய்களுக்கு அப்படி ஒரு பதிவேடே எங்கேயும் கிடையாது, அந்தத் தங்க முத்திரைக்கு மதிப்பு இல்லை. டாக்டர் எழுதுகிற கடிதம் என்பது, இந்த ஆளை நான் பார்த்துவருகிறேன், இவருக்கு இந்தச் சிரமம் இருக்கிறது, இந்தப் பிராணி கூட இருப்பது சிகிச்சைக்கு உதவுகிறது என்கிற கருத்து மட்டும்தான். நம் நாட்டில் அதைக் காட்டி உரிமை என்று எதையும் கேட்க முடியாது. "ஆனா லிஃப்டுல நாயை ஏத்தக் கூடாதுன்னு சங்கம் சும்மா தடை போடவும் முடியாது. அதுக்கு வழிகாட்டு விதிகள் இருக்கு. அதை வச்சுச் சண்டை போடறதுன்னா நான் தேவையே இல்லை."

சண்டை போடலாம்தான். ஆனால் எனக்காக மூன்று மணி நேரம் சக்கரம் சுற்றின மனுஷனிடம் போய் விதி பேச வாய் வரவில்லை. அதை டாக்டரிடம் சொன்னேன். "அப்ப அடுத்த வாரம் வாங்க" என்றார்.

வாரம் ஒரு முறை போனேன். கடிதம் கிடைக்கும்வரை வீட்டுக்கும் நாயோடு படியில்தான், மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அவர் கொடுத்த வீட்டுப்பாடங்கள் கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். முதல் வாரம் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாயோடு உள்ளே சும்மா நிற்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நின்றேன். காவலாளி வந்து, "என்னக்கா, ரிப்பேரா?" என்றார். "ஆமா, செக் பண்ணுதேன்" என்றேன். அடுத்த வாரம் நாய் வெளியே, நான் உள்ளே. நாய்க்கு அது பிடிக்கவில்லை, ஒரே குரைப்பு. அதற்கடுத்த வாரம் நான் மட்டும் ஒரு மாடி. தரைத்தளத்திலிருந்து முதல் மாடி போய்ச் சேருவதற்குள் மாதாவுக்குச் சொல்லும் 'அருள் நிறைந்த' மந்திரம் ஒன்றுகூட முடிவதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கதவு திறந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் போயிருந்தேன்.

நடுவில் டாக்டர், "நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டார். போடவில்லை. மற்றவர்கள் ஏறுகிற லிஃப்டில் போகிற நாய்க்கு ஊசியும் பெல்ட்டும் இல்லாமல் தான் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றார். கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். மழையிலும் இருட்டிலும் எனக்குத் துணையாக இருந்த அந்த வீரன், ஊசியைப் பார்த்ததும் என் சேலை முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஊளையிட்டான். வரிசையில் நின்ற ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

ஐந்தாவது முறை போனபோது கடிதம் கொடுத்தார். ஏழு வரி. என் பெயர், அவரிடம் சிகிச்சையில் இருக்கிறேன் என்ற தகவல், மூடிய இடங்களில் எனக்குக் கடும் பதற்றம் வருகிறது, நாய் உடன் இருப்பது இப்போதைக்கு உதவுகிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசீலிக்க வேண்டும். கீழே கையெழுத்து, பதிவு எண், சாதாரண நீல ரப்பர் முத்திரை. நாயின் நிறம் இல்லை, அடையாளம் இல்லை, போட்டோ இல்லை. இவ்வளவு அலைந்து இவ்வளவுதானா என்று இருந்தது.

"இன்னும் ரெண்டு வரி பலமா எழுதலாமே டாக்டர்."

"உண்மை இவ்வளவுதான்" என்றார்.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, தப்பாக நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு என் முன்னாலேயே கிளினிக்குக்குப் போன் போட்டார். நோயாளியின் அனுமதி இல்லாமல் யாரிடமும் எதுவும் பேச மாட்டோம் என்று அங்கே சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

"இது சரியான எடம்" என்றார். "கேட்டவொடன சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

கடிதத்தை மடித்துக் கொடுக்கும்போது அவர் குரல் மாறியது. "ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நீங்க லிஃப்டுல மாட்டுனப்ப நான் நடுவுல நடுவுல கதவுகிட்ட வந்து பாத்தேன். நீங்க உள்ள யாருகிட்டயோ பேசிக்கிட்டே இருந்திய. போன்ல வீட்டுக்காரருகிட்ட பேசுதியன்னு நெனச்சுச் சும்மா போயிட்டேன்."

"போன் செத்துப் போச்சு அண்ணாச்சி. நாய்கிட்டத்தான் பேசினேன்."

"மூணு மணி நேரமா?"

"ஆமா."

"என்ன பேசினிய?"

"என்னத்தையெல்லாமோ. ஆபீஸ் கதை. மக கதை. எங்க வீட்டுக்காரவியளப் பத்தி."

"நான் அங்கனயே நின்னு பேச்சுக் குடுத்திருக்கணும். சக்கரத்த வாச்மேன் தனியா சுத்தியிருப்பான்" என்றார். இல்லை, நீங்கள் சுற்றியதால்தான் கதவு திறந்தது என்று நான் சொன்னேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். பட்டுச் சேலையைச் சலவைக்குக் கொடுத்து வாங்கியாயிற்று என்றும், ஈரநாயை மட்டும் கொண்டுவராதே என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே அறிவிப்பு கிழிபட்டது. மறுநாள் புதிது வந்தது: 'பெல்ட், தடுப்பூசி உள்ள நாய்களை லிஃப்டில் ஏற்றலாம். நனைந்த நாய்களுக்கு அனுமதி இல்லை.' கடைசி வரியைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் மறுபடி பார்த்தார். அப்போது நான் தனியாக மூன்று மாடிவரைக்கும் போய்க்கொண்டிருந்தேன். நாலாவதற்கு மட்டும் மனம் வரவில்லை. மூன்றில் இறங்கி ஒரு மாடி நடந்தேன். டாக்டர் கடிதத்தை இன்னும் மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டித்தார். புதுப்பிக்கத் தேவையில்லாமல் போவதே நல்ல செய்தி என்கிற ஒரு காகிதத்தை என் வேலையில் நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்காரர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நடந்ததையெல்லாம் சொன்னேன். லிஃப்ட் பயத்தைப் பற்றி இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு முதலில் கோபித்தார். அப்புறம் நாயைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கப்பலிலிருந்து வந்தால் எஞ்சின் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். பல வருஷமாக அதை நாங்கள் கேலி பேசுவதோடு விட்டிருந்தோம். இந்த முறை, வந்து பத்து நாள் ஆனபின், காலையில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த டாக்டரம்மா ஆம்பளையளையும் பாப்பாவளா?"

"நாய் இல்லாதவியளையும் பாப்பாவ" என்றேன்.

செய்தித்தாளைக் கீழே இறக்கவில்லை. "அந்த எஞ்சின் ரூம் தீ விபத்துக்கு அப்புறந்தான் தூக்கம் இப்படி இருக்கு ஏளா. நான் சொன்னதில்ல."

உண்மையில் அவர் சொன்னதில்லை. கப்பலில் ஒரு சின்னப் புகை, உடனே அணைத்துவிட்டோம் என்று ஒரு முறை வாட்ஸப்பில் எழுதியிருந்தார், அவ்வளவுதான். நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம் அவ்வளவாவது கற்றுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டேன். கூட வரவா என்றேன். வேண்டாம், கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் இரு என்றார். ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். இறங்கி வந்தவர் ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். நேராக வீட்டுக்குப் போக வேண்டாம், கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று விடு என்றார். விட்டேன்.